அரைப் பேர்

கீழ்ப்பிரிவுக் குளத்தில் இறங்கினால்
அன்றைக்கு அரைப் பேர்தான்.
கொழுந்து எடுத்தால் முழுப் பேர்,
நிறை குறைந்தால் கங்காணி வாயில் வேறு பேர்.
எனக்கு முழங்கால் வீக்கம், மலை ஏற ஆகாது.
ஏழு வருஷமாகத் தண்ணீரில் நிற்கிறேன்.

ஸ்டோருக்குப் போகிற குழாயின் வாயை
அது வந்து அடைத்துக்கொள்ளும்.
சேற்றில் காலால் துழாவி,
கிழங்கைப் பெருவிரலால் நெம்பி,
தண்டைக் கையில் சுருட்டி இழுக்கவேண்டும்.
அறுந்தால் பயனில்லை. அடுத்த மாதம்
அதே இடத்தில் நிற்கும்,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.
அடைசல் என்போம். வேறு பேர் வைக்க நேரமில்லை.

வானொலியில் சொன்ன அன்று
மாணிக்கசாமி பல் விளக்கிக்கொண்டிருந்தான்.
"ஏய் சிகப்பாயி, உன் அடைசலை
நாட்டுக்கே பூவாக்கிட்டாங்களாம்."
துப்பிவிட்டுச் சிரித்தான்.

மறுவாரம் குளத்தைச் சுற்றி முள்கம்பி.
இரும்புப் பலகையில் அதற்கு மூன்று பேர்:
சிங்களத்தில் ஒன்று, இங்கிலீசில் ஒன்று,
எந்த ஊர்ப் பாஷையோ, சாய்ந்த எழுத்தில் இன்னொன்று.
நாலாவதற்கு இடம் இருந்தது.
துருவுக்கு விட்டிருந்தார்கள்.

கண்டியிலிருந்து ஜீப்பில் வந்தார் அபேகோன் மாத்தயா,
மடியில் வண்ணப் பெட்டி.
பங்களாவில் சாப்பிட்டு இறங்க மணி மூன்றரை.
அது காலை ஒன்பதுக்கு விரியும்,
வெயில் சாய்ந்தால் மூடிக்கொள்ளும்;
துரை வந்தாலும் திறக்காது.
திறக்கச் சொன்னார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று
மூடிய ஒன்றை நகத்தால் பிரித்தேன்.
அவர் எண்ணினார், நானும் எண்ணினேன்.
அவருக்குப் பதினாறு, எனக்குப் பதினேழு.
அவர் எழுதியதுதான் எழுத்து.
"இதை நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்றார்.
தமிழ் நன்றாகவே வந்தது அவருக்கு.
பூ என்றேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
பஞ்ச வருஷத்தில், ரொட்டிக்கு மாவில்லாதபோது
மேட்டு லயமும் பள்ளத்து லயமும்
இந்தக் குளத்தில்தான் இறங்கின.
கிழங்கை அவித்து, உப்பில்லாமல்.
கசப்புப் போக மூன்று தண்ணீர் மாற்றவேண்டும்.
என் மூத்தவள் இரண்டாம் தண்ணீரிலேயே கேட்டு அழுதாள்,
கொடுத்துவிட்டேன்.
நாட்டுச் சின்னம் அவள் எலும்பில் இருக்கிறதென்று
எந்தக் கந்தோரில் போய்ப் பதிவது?

கம்பி போட்டால் அடைக்காமல் இருக்குமா?
ஐப்பசி மழையில் குழாய்க்கு மூச்சு முட்டியது,
ஸ்டோர் நின்றது.
துரை சொல்லியனுப்பினார்: இருட்டின பிறகு இறங்கு.
காவற்காரர் புஞ்சிபண்டா
தானே கம்பியைத் தூக்கிப் பிடித்துவிட்டு
அந்தப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்தார்.
கூடை கூடையாக இழுத்தேன்.
எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன.
செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதியது:
இதர வேலை. அரைப் பேர்.

தையில் பிரஜாவுரிமைப் பாரம் வந்தது.
பேர். தகப்பன் பேர். பிறந்த இடம்.
இந்த லயத்தில்தான் பிறந்தேன் என்பதற்கு
அத்தாட்சி இரண்டு.

கம்பளைத் தபால் கந்தோரில் முத்திரை வாங்கினேன்.
அதில் அது.
பதினாறு இதழோடு அகல விரிந்து,
நகம் பட்ட இடம் தெரியாமல்,
ஊதா நிறத்தில்.
நீலம் எங்கே போயிற்று?
பங்களா விளக்கில் தீட்டியிருப்பார், பாவம்.

நாக்கில் தடவினேன்.
பசை இனித்தது.
உறை மூலையில் வைத்துப்
பெருவிரலால் அழுத்தினேன், கை விரலால்,
கிளம்பாமல் ஒட்டவேண்டுமே என்று.

கந்தோர்க்காரர் பார்க்காமலே வாங்கி
அதன்மேல் கறுப்புச் சீலை ஓங்கிக் குத்தினார்.
மை காய்ந்திருந்தது போல.
ஊர்ப் பேர் பாதிதான் விழுந்தது.